லீக் டெஸ்டில் தேறிய ஸ்கோப்பின் உள்ளே ஏன் பார்க்கவேண்டும்?

கேள்வி இதுதான்: திருகோணமலையில், உடலுக்குள் ஸ்கோப் எனும் வளையும் குழாயை விட்டுப் பார்க்கும் ஒரு எண்டோஸ்கோபிப் பிரிவு. இரண்டு காஸ்ட்ரோஸ்கோப் (இரைப்பைக்கு), ஒரு கொலனோஸ்கோப் (பெருங்குடலுக்கு), ஒரு பிரொங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்கு) இருக்கின்றன. நாள் தவறாமல் லீக் டெஸ்ட் செய்கிறார்கள், தேறுகிறது. பிரஷ்ஷும் தடையில்லாமல் போய்வருகிறது. அப்படியிருக்க, குழாய்க்குள் போர்ஸ்கோப் என்ற சிறு கமராவை விட்டுப் பார்ப்பது உண்மையிலேயே தேவையா? தேவையென்றால் எதை வாங்குவது, எப்படிப் பார்ப்பது, எதைக் கண்டால் ஸ்கோப்பைப் பாவனையிலிருந்து எடுப்பது?

தேவை. லீக் டெஸ்ட் ஒரேயொரு கேள்விக்குத்தான் விடை சொல்லும்: ஓட்டை விழுந்துவிட்டதா இல்லையா? வெளி உறைக்கும் உட்குழாய்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் காற்றை ஏற்றுகிறோம். குழாயின் சுவர் முழுத் தடிப்பிலும் துளைபட்டிருந்தால் மட்டுமே அந்தக் காற்று குமிழியாக வெளியே வரும். சுவரின் பாதி ஆழம் வரை கீறல் போயிருந்தாலும், உட்பரப்பு இழை இழையாக உரிந்திருந்தாலும், மடிப்புக்குள் சளி உறைந்து கிடந்தாலும் குமிழி வராது. கிருமிக்குத் துளை தேவையில்லை, ஒதுங்க ஒரு பள்ளம் போதும். பிரஷ்ஷின் மயிர் கீறலின் மேலாக வழுக்கிக்கொண்டு போய்விடும். ஈரமும் புரதமும் உள்ளே தங்கும், அதன்மேல் கிருமிப்படலம் கட்டும். படலம் ஒருமுறை கட்டிவிட்டால் கிருமிநீக்கித் திரவம் அதன் அடிவரை போய்ச் சேராது.

2015 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் யூ.சி.எல்.ஏ. வைத்தியசாலையில் டியோடினோஸ்கோப் (சிறுகுடலின் தொடக்கம்வரை போகும் ஸ்கோப்) வழியாக மருந்துகளுக்குக் கட்டுப்படாத குடல் கிருமிகள் நோயாளர்களுக்குப் பரவியது உலகம் முழுதும் பேசப்பட்டது. சொன்னபடி கழுவினால் போதும் என்ற நம்பிக்கை அதன்பிறகு தளர்ந்தது. மருத்துவக் கருவிகளுக்குத் தரநிலை வகுக்கும் அமெரிக்காவின் ஏ.ஏ.எம்.ஐ. அமைப்பு வெளியிடும் எஸ்.டி.91 தரநிலையின் 2021 பதிப்பு, போர்ஸ்கோப் கொண்டு உட்குழாயைப் பார்ப்பதையும் குறைந்தது 10 நிமிடம் காற்றுச் செலுத்தி உலர்த்துவதையும் வலியுறுத்துகிறது. டியோடினோஸ்கோப், பிரொங்கோஸ்கோப், சிறுநீர்வழி ஸ்கோப்புகள் போன்றவற்றை அது அதிக ஆபத்துள்ளவை என்று தனியாக வகுக்கிறது. ஆகவே உங்கள் நான்கு ஸ்கோப்புகளில் முதலில் பார்க்கவேண்டியது பிரொங்கோஸ்கோப்.

எந்தக் குழாயைப் பார்க்கமுடியும் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்செப்ஸ் (சதைத் துணுக்கு எடுக்கும் இடுக்கி) நுழையும் பயொப்சி வாயிலிருந்து நுனிவரை போகும் குழாயும், சக்ஷன் (உறிஞ்சும்) வால்வு இருக்கும் கிணறுபோன்ற குழியிலிருந்து தடித்த கேபிள் வழியாக இணைப்பிவரை போகும் குழாயும் பார்க்கக்கூடியவை. கைப்பிடிக்குள் இவை இரண்டும் கவட்டைபோல் சேரும். அந்தச் சந்திதான் அழுக்கு மிகுதியாகத் தேங்கும் இடம், பிரஷ் போடும்போது ஆட்கள் மிகுதியாகத் தவறவிடும் இடமும் அதுவே. காற்றுக் குழாயும் நீர்க் குழாயும் மிக ஒடுங்கியவை, வளைவுகளும் கூட. சாதாரண போர்ஸ்கோப் அவற்றுக்குள் போகாது. அவற்றைப் பொறுத்தவரை ஒழுங்காகத் தண்ணீர் பாய்ச்சுவதும் உலர்த்துவதும்தான் காவல். பயொப்சிக் குழாய் சுத்தமாகத் தெரிந்தால் முழு ஸ்கோப்பும் சுத்தம் என்று எழுதிவைக்காதீர்கள்.

இனி கருவி. காஸ்ட்ரோஸ்கோப்பின் பயொப்சிக் குழாய் பெரும்பாலும் 2.8 மில்லிமீற்றர் உள்விட்டம். கொலனோஸ்கோப்பில் 3.2 முதல் 3.8 வரை. பிரொங்கோஸ்கோப்பில் 2.0 முதல் 2.8 வரை, சிறுநீர்க்குழாய் ஸ்கோப்பில் ஏறத்தாழ 1.2. உங்களுடைய சரியான அளவு ஸ்கோப்பின் கைநூலில் இருக்கும், பெரும்பாலும் கைப்பிடியிலும் பொறித்திருப்பார்கள். கமராவின் தடிப்பு இதைவிடத் தாராளமாகக் குறைவாக இருக்கவேண்டும். 2.0 குழாய்க்கு 1.9 கமரா என்று கணக்குப் பார்த்தால் முதல் வளைவிலேயே இறுகும். 1.3 அல்லது அதற்குக் குறைந்த தடிப்பில் ஒன்றை வாங்கினால் உங்களிடமுள்ள நான்கிலும் பாவிக்கலாம்.

வாகன எஞ்சின் பார்க்கவென்று தொலைபேசியில் கொழுவும் கமராக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை 3.9, 5.5, 7 மில்லிமீற்றர். உங்கள் குழாய் எதிலும் நுழையாது. மெல்லியவை கிடைத்தாலும் மூன்று விடயங்களைப் பார்த்தே வாங்குங்கள். ஒன்று, குவிவுத் தூரம். எஞ்சின் கமரா சில சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் பொருளைத் தெளிவாகக் காட்டுவதற்குச் செய்யப்பட்டது. குழாய்க்குள் சுவர் ஒரு மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கும், படம் மங்கலாகவே வரும். அடுத்தது நுனி. உலோக விளிம்பு கூராக இருந்தால் சேதம் தேடப்போய் நீங்களே கீறிவிடுவீர்கள். மூன்றாவது, தொற்றுநீக்கத்தைத் தாங்குமா, எந்தத் திரவத்தைத் தாங்கும் என்று உற்பத்தியாளர் எழுத்தில் தந்திருக்கிறாரா என்பது. தரவில்லையென்றால் அது நோயாளருக்குள் போகும் குழாயினுள் போகக்கூடாது. இவற்றுடன் ஒளியைக் கூட்டிக்குறைக்கும் வசதி வேண்டும், ஏனென்றால் குழாயின் உட்சுவர் வெண்மையான டெஃப்லான். ஒளி கூடினால் எல்லாம் வெள்ளையாக எரிந்து கீறல் மறைந்துவிடும். கம்பியில் சென்ரிமீற்றர் அடையாளம் இருப்பதும் அவசியம்.

நீளத்தையும் கணக்குப் பாருங்கள். காஸ்ட்ரோஸ்கோப்பில் பயொப்சி வாயிலிருந்து நுனிவரை 110 முதல் 120 சென்ரிமீற்றர் வரும். கொலனோஸ்கோப் அதைவிட நன்றாக நீளம். 110 சென்ரிமீற்றர் கமராவால் கொலனோஸ்கோப்பை ஒரே பக்கமிருந்து முடிக்கமுடியாது. பாதியை வாயிலிருந்தும் மீதியை நுனியிலிருந்தும் பார்த்து, இரண்டும் ஒன்றையொன்று சில சென்ரிமீற்றர் மேவும்படி செய்யலாம்.

எப்போது பார்ப்பது? கையால் கழுவி, பிரஷ் போட்டு, அலசி, காற்றுச் செலுத்தி உலர்த்திய பிறகு, உயர்நிலைத் தொற்றுநீக்கத்துக்கு, அதாவது கிருமிநீக்கித் திரவத்தில் இடுவதற்கு, முன். இந்த ஒழுங்குக்குக் காரணம் உண்டு. அழுக்கு கண்டால் அப்படியே கழுவும் தொட்டிக்குத் திருப்பலாம். தொற்றுநீக்கிய பின் கமராவை விட்டால் முழு வேலையையும் மறுபடி செய்யவேண்டும். உலர்த்தாமல் பார்த்தால் நீர்த்துளியின் பளபளப்பு கீறலை மறைக்கும். லீக் டெஸ்ட் வழமைபோல எல்லாவற்றுக்கும் முன், கழுவும் திரவத்தில் இறக்குவதற்கு முந்தியே நடக்கவேண்டும். வால்வுகளைக் கழற்றி, காற்றேற்றி, முழுதாக நீரில் அமிழ்த்தி, நுனியை நான்கு திசையிலும் முழுமையாக வளைத்தபடி குறைந்தது 30 விநாடி பாருங்கள். நேராக இருக்கும்போது மூடிக்கொள்ளும் ஊசித்துளை வளைக்கும்போதுதான் திறக்கும். காற்றை நிறுத்துவதும் டெஸ்டரைக் கழற்றுவதும் ஸ்கோப்பை நீரிலிருந்து எடுத்த பிறகே.

பார்க்கத் தொடங்குமுன் கமராவின் வில்லையை நூல் உதிராத துணியில் அற்ககோல் தொட்டுத் துடைத்து, அச்சடித்த கடதாசி ஒன்றைக் காட்டிப் படம் தெளிவா என்று பாருங்கள். நம் ஊரில் இன்னொரு சிக்கல்: ஏசி அறையில் வைத்த கமராவை வெக்கையான கழுவும் அறைக்குக் கொண்டுவந்த உடனே வில்லையில் ஆவி படியும். அதைக் குழாய்க்குள் இருக்கும் ஈரமென்று எண்ணிவிட வாய்ப்புண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே எடுத்து வெளியே வையுங்கள்.

ஸ்கோப்பை மேசையில் பெரிய வளையமாக, எங்கும் மடிப்பில்லாமல் கிடத்துங்கள். வளைக்கும் சில்லுகளின் பூட்டைத் திறந்து நுனியை நேராக விடுங்கள். டியோடினோஸ்கோப் என்றால் எலிவேற்றர் (நுனியில் கருவியைத் தூக்கும் சிறு நெம்பு) கீழிறங்கியிருக்கவேண்டும். கமராவைப் பயொப்சி வாயால் மெதுவாகத் தள்ளுங்கள். இறுகினால் பலம் கொடுக்காமல் சற்றுப் பின்னிழுத்து, ஸ்கோப்பை நேராக்கி மறுபடி முயலுங்கள். அப்படியும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறுகினால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு: அங்கே குழாய் நசுங்கியிருக்கலாம், தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையான பார்வை வெளியே இழுக்கும்போதுதான். விநாடிக்கு ஒரு சென்ரிமீற்றர் என்ற வேகத்தில் இழுத்தால் 120 சென்ரிமீற்றருக்கு இரண்டு நிமிடம். அதைவிட வேகமாக இழுத்தால் பார்த்ததாகக் கணக்கில்லை. பின்னர் சக்ஷன் கிணற்றால் விட்டு இணைப்பிப் பக்கம் பாருங்கள். இந்தப் பாதி பலருக்கு நினைவே வருவதில்லை. நோயாளரிடமிருந்து உறிஞ்சிய அனைத்தும் இந்த வழியால்தான் போகிறது.

உள்ளே தெரிவதைப் படிக்கப் பழக்கம் வேண்டும். நல்ல குழாய் மழமழப்பாக, பால் வெண்மையில், சில இடங்களில் நீளவாக்கில் மெல்லிய கோடுகளுடன் தெரியும். உலோகமும் டெஃப்லானும் சேரும் இடத்தில் ஒரு பொருத்து வளையம் தெரியும். முதல்முறை பார்ப்பவர் அதை வெடிப்பு என்று பயப்படுவார். இதனால்தான் நான்கு ஸ்கோப்பையும் முதலில் ஒருதரம் முழுமையாகப் படமெடுத்து அடிப்படைப் பதிவாக வைக்கச் சொல்வேன். ஒரு கீறல் மோசமானதா என்று ஒரே படத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது அனுபவசாலிக்கும் கடினம். அதே இடத்தில் மூன்று மாதத்துக்கு முந்திய படம் பக்கத்தில் இருந்தால் புதிதாகச் சேர்ந்தவருக்கும் விடை தெரியும்.

மிகுதியாகக் காணப்போவது நீர்த்துளி. தெளிவாக இருக்கும், கமரா தொட்டால் நகரும். இது குழாயின் சேதம் இல்லை, உலர்த்தலின் குறை. ஆனாலும் சிறு விடயமென்று விடக்கூடாது, ஈரக் குழாயில் சூடோமோனாஸ் என்ற கிருமி இரவோடிரவாகப் பெருகும். ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை மழைக் காலத்தில் திருகோணமலைக் காற்றே ஈரம். தொங்கவிட்டால் தானாகக் காய்ந்துவிடும் என்ற கணக்குச் சரிவராது. ஒவ்வொரு குழாய்க்கும் வடிகட்டிய காற்றைச் செலுத்தவேண்டும், அழுத்தம் ஸ்கோப்பின் கைநூல் சொல்லும் எல்லைக்குள். கொம்பிரசரின் தாங்கியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடாவிட்டால் நீங்கள் ஊதுவது ஈரக்காற்று. மின்வெட்டால் உலர்த்தல் இடையில் நின்றால், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முழு 10 நிமிடத்தையும் மறுபடி கொடுங்கள்.

அடுத்தது நிறமாற்றம். மஞ்சள், கபிலக் கறை கண்டால் முதல் வேலை மறுபடி பிரஷ் போட்டு, அலசி, உலர்த்தி, அதே தூரத்தில் பார்ப்பது. போய்விட்டால் அது அழுக்கு. உங்கள் கழுவுதலில் ஓட்டை இருக்கிறது. போகாமல், தடிப்பில்லாமல், சுவரோடு சுவராகத் தெரிந்தால் ஊறிய கறை. குறித்துவைத்துக் கண்காணிக்கலாம். ஓ.பி.ஏ. என்ற தொற்றுநீக்கித் திரவம் பாவிக்கும் இடங்களில் சாம்பல் அல்லது கருமை கலந்த திட்டு கண்டால் உசாராகுங்கள்: ஓ.பி.ஏ. புரதத்தைச் சாம்பல் நிறமாக்கும், அதாவது கழுவுதலில் போகாத புரதம் அங்கே இருந்திருக்கிறது. இன்னொரு தொற்றுநீக்கியான குளுட்டரல்டிஹைட் அப்படி நிறம் காட்டிக் கொடுக்காது, ஆனால் மிச்சமான புரதத்தைச் சுவரோடு இறுக்கிவிடும். எந்தத் திரவமானாலும் கழுவுதலின் குறையை அது ஈடுசெய்யாது.

வெண்மையான பொடிபோன்ற திட்டுகளுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நுரையடக்கக் கொடுக்கும் சிமெதிகோன். அதில் சிலிக்கோன் இருப்பதால் நீரில் கரையாது, சாதாரணக் கழுவலுக்கும் முழுதாகப் போகாது. அதை நீர்ப்போத்தலில் கலக்கவே வேண்டாம். பார்க்கமுடியாத அந்த ஒடுங்கிய நீர்க்குழாயில்தான் போய்ப் படியும். தேவைப்பட்டால் குறைந்த செறிவில், பயொப்சி வாயால், சிறிஞ்சில் கொடுங்கள். மற்றக் காரணம் தண்ணீரின் உப்பு. நகரத்துக்குக் கந்தளாய்க் குளத்து நீர் குழாயில் வருகிறது. தட்டுப்பாடு வரும் நாட்களில் கடலோரக் கிணற்று நீரைப் பிடித்து அலசும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தவேண்டும். உவர்நீர் காய்ந்தால் உப்பு மிஞ்சும், உலோகப் பொருத்துகளில் அரிப்புத் தொடங்கும். இறுதி அலசலுக்கு 0.2 மைக்ரோன் வடிகட்டியூடாக வந்த நீரையோ கிருமியழித்த நீரையோ பாவியுங்கள். ப்ளீச் ஒருபோதும் வேண்டாம். பயொப்சி வாயின் உலோகத்தில் சிறு குழிகள் கண்டால் முதலில் விசாரிக்கவேண்டியது அதைத்தான்.

இனிச் சேதங்கள். நீளவாக்கில் ஆழமில்லாத கீறல்கள் பாவித்த எந்த ஸ்கோப்பிலும் இருக்கும். அவற்றுக்காக ஸ்கோப்பை நிறுத்தினால் உங்கள் பிரிவையே மூடவேண்டிவரும். கவலைப்படவேண்டியது விளிம்பு கிளம்பிய கீறல், அழுக்கு பிடித்து நிறம் மாறிய கீறல், முந்திய படத்தைவிட நீண்ட கீறல். சேலையில் இழுபட்ட நூல்போல டெஃப்லான் இழை தொங்கினால் பேச்சுக்கிடமில்லை, உடனே நிறுத்துங்கள். அந்த இழை அறுந்து நோயாளரின் நுரையீரலுக்குள் போகக்கூடியது.

சேதம் எங்கே இருக்கிறது என்பது காரணத்தைச் சொல்லும். நுனியிலிருந்து பத்துச் சென்ரிமீற்றருக்குள், அதாவது வளையும் பகுதியில், கீறலோ துளையோ இருந்தால் ஸ்கோப் முழுதாக வளைந்திருக்கும்போது ஃபோர்செப்ஸைப் பலமாகத் தள்ளியிருக்கிறார்கள், அல்லது ஊசியை உள்ளிழுக்காமல் விட்டிருக்கிறார்கள். பயொப்சி வாய்க்குச் சற்றுக் கீழே கூட்டமாகக் கீறல் இருந்தால் பிரஷ்ஷின் கம்பியைப் பாருங்கள்: ஒருதரம் பாவிக்கும் பிரஷ்ஷைத் திரும்பத் திரும்பப் பாவித்தால் கம்பி மடிந்து, மயிர் உதிர்ந்து, உலோகம் வெளியே வரும். உதிர்ந்த மயிர் குழாய்க்குள்ளேயே கிடப்பதும் உண்டு. நடுப்பகுதியில் குழாய் நீள்வட்டமாகத் தெரிந்தால் நோயாளர் கடித்திருக்கலாம், அல்லது பெட்டி மூடியில் நசுங்கியிருக்கலாம், அல்லது கழுவும்போது இறுக்கிச் சுருட்டியிருக்கலாம். நுனிக்கு அருகில் கருகிய திட்டு என்றால், ஆர்கன் வாயுவால் திசுவைச் சுடும் கருவியின் முனையோ லேசர் முனையோ முழுதாக வெளியே வருமுன்பே மின்னை விட்டிருக்கிறார்கள். இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால் புதுக் குழாயும் அதே இடத்தில் கிழியும். ஆகவே படங்களை வைத்தியர்களுக்கும் காட்டுங்கள். கழுவும் சிற்றூழியரின் தலையில் மட்டும் பழியைப் போடுவது நியாயமுமில்லை, பயனுமில்லை.

பதிவில் ஸ்கோப்பின் தொடர் இலக்கம், திகதி, எந்த வாயால் விட்டது, வாயிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர், என்ன கண்டது, என்ன செய்தது, பார்த்தவர் யார் என்பன போதும். கடிகார முள் நிலையை எழுதச் சொல்வோர் உண்டு. கமரா உள்ளே சுழலும் என்பதால் அது அடுத்தமுறை பொருந்தாது, தூரம்தான் நம்பத்தக்கது. படத்தின் கோப்புப் பெயரிலேயே இலக்கம், திகதி, தூரம் மூன்றையும் இடுங்கள்.

எத்தனை நாளைக்கொருமுறை? பிரொங்கோஸ்கோப்பை ஒவ்வொரு பாவனைக்குப் பிறகும் பார்ப்பதே நல்லது. மற்ற மூன்றையும் வாரம் ஒருமுறை பார்த்தால் உங்கள் அளவுள்ள பிரிவுக்குத் தகும் என்பது என் கருத்து. ஊசி, ஆர்கன், விழுங்கிய பொருள் எடுத்தல் போன்ற வேலை நடந்தால் வாரம் வரும்வரை காத்திராமல் அன்றே பாருங்கள். பிரஷ் இறுகினாலும், கிருமி வளர்ப்புச் சோதனையில் ஏதும் வளர்ந்தாலும் அப்படியே. ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் இடையில் போர்ஸ்கோப்பையும் கழுவித் தொற்றுநீக்கவேண்டும். இல்லையென்றால் ஒன்றின் கிருமியை மற்றதற்குக் கொண்டுபோகும் கருவியாக அதுவே ஆகிவிடும்.

நிறுத்தவேண்டியது என்று முடிவானால் ஒட்டுப்போடும் யோசனை வேண்டாம். உட்குழாய்க்கு ஒட்டில்லை, முழுதாக மாற்றுவதுதான். அரச வைத்தியசாலையென்றால் கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் உயிர்மருத்துவப் பொறியியல் சேவைகள் பிரிவு வழியாகவும், தனியார் என்றால் முகவர் வழியாகவும் போகும். தூரத்தோடு கூடிய படங்களை அனுப்பினால் 'கோளாறு எதுவுமில்லை' என்று திருப்பியனுப்பும் வாய்ப்புக் குறையும். அனுப்புமுன் தொற்றுநீக்கி, உலர்த்தி, அதை எழுத்தில் இணையுங்கள். துளை இருப்பதால் நீரில் அமிழ்த்தமுடியாவிட்டால், தொற்றுநீக்கப்படவில்லை என்று பெட்டியின் மேலேயே தெரியும்படி எழுதவேண்டும். விமானத்தில் வெளிநாடு போவதானால் காற்று வெளியேறும் மூடியைப் பொருத்தியிருக்கவேண்டும், இல்லையேல் அழுத்த மாற்றத்தில் வளையும் பகுதியின் இறப்பர் உறை வெடிக்கும். திரும்பி வந்ததும் நீரில் இறக்குமுன் அந்த மூடியைக் கழற்ற மறந்தால் ஸ்கோப்பின் வயிற்றுக்குள் தண்ணீர் நிரம்பிவிடும்.

பழுதுபார்த்து வந்த ஸ்கோப்பை நேரே நோயாளரிடம் கொண்டுபோகாதீர்கள். லீக் டெஸ்ட், முழுக் கழுவல், பிறகு போர்ஸ்கோப். புதுக் குழாயின் உள்விட்டம் பழையதுதானா, பொருத்துகளில் பசை பிதுங்கி நிற்கிறதா, உள்ளே துணுக்கு ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். பசைக் கட்டி கண்டால் பெறுகைப் பத்திரத்தில் கையெழுத்திடாமல் படத்தோடு திருப்பியனுப்புங்கள். எல்லாம் சரியென்றால் அன்று எடுக்கும் படங்கள்தான் அந்த ஸ்கோப்பின் புதிய அடிப்படைப் பதிவு; பழைய கோப்பை அழிக்காமல் தனியே வைத்துக்கொண்டு, புதிய திகதியில் தொடங்குங்கள்.